டச்சிங் அக்கா அழித்த கோடு

மகன் இறந்த பதினேழாம் நாள் காலை, டச்சிங் அக்கா துணி சோப்புக் கட்டியை நூலால் இரண்டாக அறுத்தபோது அதன் நடுவில் ஒரு புகைப்படம் இருந்தது. கருப்பு வெள்ளை, பளபளப்புத் தாள், தபால் அட்டை அளவு. சோப்புக் கட்டி அதைவிடச் சின்னது. ஆனாலும் படம் மடங்காமல், கசங்காமல், அப்போதுதான் படம் அலசும் தொட்டியிலிருந்து எடுத்ததுபோல ஓரங்களில் ஈரத்தோடு இருந்தது. அதில் ஆள் இல்லை, வீடு இல்லை, மரம் மட்டை எதுவும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டக் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கீறல், அவ்வளவுதான். சோப்புக் கம்பெனிக்காரன் ஏதோ பரிசுச் சீட்டு வைத்திருக்கிறான் என்று அதைத் துவைக்கும் கல்லின்மேல் ஒதுக்கி வைத்துவிட்டு அவள் துணியைத் துவைத்து முடித்தாள். மறுநாள் மாவு டப்பாவில் ஒன்று கிடைத்தது. அதற்கடுத்த நாள் தலையணை உறைக்குள் ஒன்றும், சுவர்க் கடிகாரத்தின் பேட்டரி மூடிக்குள் ஒன்றும் கிடைத்தன. வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். அவளுக்குக் கோபப்படவே நேரம் போதவில்லை, பதற எங்கே நேரம்.

அவளுடைய ஒரே மகன் ஊருக்கு வெளியே இருந்த பசைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அடையாள அட்டை எண் அறுநூற்றுப் பதினாலு. தொட்டியைக் கழுவ அவனை முகமூடி கொடுக்காமல் உள்ளே இறக்கினார்கள்; இறங்கியவன் ஏறவில்லை. உடம்பில் ஒரு கீறல் கிடையாது, அசந்து தூங்குகிறவன்போல இருந்தான். ஆஸ்பத்திரிப் பிணவறையில் ஒன்பதாம் பெட்டியில் வைத்தார்கள். அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்டால் உடலைத் தருவார்கள் என்று அவள் போனாள். அங்கே தொழிற்சாலையின் அடையாள அலுவலர் அட்டையில் இருந்த படத்தையும் பெட்டியில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இறந்தவருக்கு முகவாயில் ஒரு அங்குல நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது, அட்டையில் உள்ளவருக்கு அது இல்லை, ஆகவே இறந்தவர் எங்கள் தொழிலாளி அல்ல, அத்துமீறி நுழைந்த வேறு யாரோ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாள் கோப்பில் இருக்கும்வரை ஆஸ்பத்திரி உடலைக் கொடுக்க முடியாது.

“சார், அவன் என் பிள்ளை. பெத்தவ சொல்றேன்.”

“இந்தாம்மா, பெத்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அட்டை என்ன சொல்லுதுன்னுதான் நான் பாக்கணும்.”

தொழிற்சாலையின் கணக்குப்படி அறுநூற்றுப் பதினாலு உயிரோடுதான் இருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் இருந்தான். அதற்கு விளக்கம் கேட்டு மாதாமாதம் அவள் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. முதல் நோட்டீசுக்கு மட்டும் அவள் பதில் போட்டாள்: “ஒன்பதாம் பெட்டியில் இருக்கிறான், நேரில் கேட்டுக்கொள்ளவும்.” பெட்டி எண்ணை முகவரியாக ஏற்க இயலாது என்று மறுபதில் வந்தது. அந்த வாரத்திலிருந்து அவளுடைய கோபம் சூடாக வெளியே தெரிய ஆரம்பித்தது. அவள் பக்கத்தில் வைத்த தண்ணீர் பத்து நிமிடத்தில் கொதித்தது. எதிர்வீட்டுத் தையல்காரி, மனசில் கள்ளம் இல்லாதவள், துக்கம் விசாரிக்க வரும்போது இஸ்திரிப் பெட்டியையும் கையோடு கொண்டுவந்து அக்காவின் அருகில் வைப்பாள். பேசி முடித்துப் போகும்போது அது நன்றாகக் காய்ந்திருக்கும். அக்கம்பக்கத்தார் பால் காய்ச்சவும் வந்தார்கள். அவள் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கோபம் தொழிற்சாலையின்மேல் இருந்ததே தவிர பாலின்மேல் இல்லை.

தொழிற்சாலையின்மேல் மட்டும் என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. அந்தத் தழும்பைப் படத்திலிருந்து அழித்தது அவளேதான். ஊரில் இருந்த ஒரே ஸ்டுடியோவில் முப்பது வருடம் அவளுக்கு டச்சிங் வேலை. சாய்வு மேசையில் கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரியும். கண்ணாடியின்மேல் நெகட்டிவை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் மருவை, அம்மைத் தழும்பை, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையைக் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளால் நிரப்புவாள். கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர்கள், வேலைக்குப் படம் எடுத்தவர்கள் என்று ஊரில் அடையாள அட்டை வைத்திருந்த அத்தனை பேருடைய முகமும் ஒரு தடவையாவது அவள் பென்சிலுக்கு அடியில் போய் வந்ததுதான். ஒவ்வொரு முகத்தையும் தொடுவதற்கு முன், இவர்கள் மனசு கோணாமல் இருக்கட்டும் என்று கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வாள். அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் முகத்தில் எதை அழித்தோம் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்று முதலாளி அவளைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கியிருந்தார். அவள் அதை மீறியதே இல்லை.

மகனுக்கு ஆறு வயதில் பட்ட காயம் அது. அன்று ஸ்டுடியோவில் ஒரு கல்யாணப் பெண்ணின் படம் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. “அம்மா, பசிக்குது” என்று அவன் மூன்று தடவை கூப்பிட்டான். “இருடா, இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்கு” என்றாள் அவள், தலையைத் தூக்காமல். அவன் முக்காலியில் ஏறி, அங்கிருந்து வழுக்கி, படம் அலசும் தகரத் தொட்டியின் விளிம்பில் முகவாய் அடிபட விழுந்தான். நாலு தையல். பதின்மூன்று வருடம் கழித்து அவனுடைய அட்டைப் படத்தின் நெகட்டிவ் மேசைக்கு வந்தபோது, முதல் வேலையாக அந்தக் கோட்டின்மேல்தான் பென்சில் முனையை வைத்தாள். பத்து நிமிட வேலை. அவள் செய்ததிலேயே சுத்தமான வேலை என்று முதலாளி சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு மகன், “யாரும்மா இது, ஆளு நல்லா இருக்கான்” என்று சிரித்தான். பிறகு ஸ்டுடியோவை மூடினார்கள். நெகட்டிவ்களை, அவற்றில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவன் எடை போட்டு வாங்கிக்கொண்டு போனான். அதனால், படத்தில் டச்சிங் நடந்திருக்கிறது என்று அலுவலரிடம் அவள் சொன்னபோது, ஆதாரம் எங்கே என்று அவர் கேட்டதற்குக் காட்ட ஒன்றும் இல்லை. டச்சிங் நடந்தது என்று மட்டும்தான் சொன்னாள். யார் செய்தது, எதற்குச் செய்தது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டில் கிடைத்த படங்களை அவள் என்ன செய்தாள் என்றால், கை பழகிய வேலையைச் செய்தாள். முதல் ஐந்து படங்களிலும் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகளும் கீறல்களும் இருந்தன. டச்சிங்காரிக்குப் புள்ளியைக் கண்டால் கை சும்மா இருக்காது. சின்னத் தூரிகையை எடுத்து, சாயத்தைச் சாம்பல் நிறத்துக்குக் கரைத்து, ஒவ்வொன்றாக மூடினாள். மறுநாள் விடிந்து பார்த்தால் ஐந்தும் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன. கோடும் இல்லை, நிழலும் இல்லை.

ஆறாவது படம் குக்கர் வாஷருக்கு அடியிலிருந்து வந்தது. தையல்காரியும் அப்போது இருந்தாள்.

“என்னக்கா இது, வறண்டுபோன ஏரி மாதிரி இருக்கு?”

அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பெரிய மேடு, அதில் கிளை பிரிந்து ஓடும் மூன்று வெடிப்புகள், வெடிப்புக்குள் கருப்பாக அழுக்கு. தூரிகையை எடுக்கப் போன கை நின்றது. அவள் குனிந்து தன் இடது காலைத் திருப்பிக் குதிகாலைப் பார்த்தாள். அதே மூன்று வெடிப்பு, அதே கிளை.

“ஏரி இல்லடி. என் காலு.”

“உங்க காலை இவ்வளவு கிட்டத்துல யாருக்கா படம் எடுத்தாங்க?”

யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வேலை பார்க்கும்போது அந்தச் சாய்வு மேசைக்கு அடியில் உட்கார்ந்து விளையாடியவன் ஒருவன்தான். இவை அவன் பார்த்தவை. அப்படியென்றால் சோப்புக்குள் இருந்த வட்டக் கோடுகள், கடைசி வாய்ப் பாலைக் குடிக்கும்போது டம்ளருக்குள் தெரியும் அடிப்பாகம். வெள்ளைக் கீறல், அவன் ஆணியால் அதில் போட்ட கோடு. அதை அவள் சுத்தம் செய்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள். மற்ற நாலும் என்னவாக இருந்திருக்கும் என்று இனிமேல் தெரியப்போவதில்லை. அன்று வீட்டிலிருந்த மெழுகுவர்த்திகள் பற்றவைக்காமலே உருகி வழிந்தன. தையல்காரி ஒரு கரண்டியை எடுத்துத் தரையில் வழிந்த மெழுகைச் சுரண்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்று வருடத்தில் தொண்ணூறு படங்களுக்குமேல் சேர்ந்தன. விளக்குமாற்றுக் கட்டிலிருந்து வந்த படத்தில் சுவரில் ஊறிய ஈரம். குடையை விரித்தபோது விழுந்த படத்தில், காய்ச்சலில் கிடந்தபோது அவன் நெற்றியில் அவள் போட்ட துணியின் இழை. செருப்பைக் கழற்றும்போது காலில் ஒட்டிக்கொண்டு வந்த படத்தில், சாயக் கறை படிந்த அவளுடைய கட்டைவிரல், ரேகை ரேகையாக, உழுத வயல் மாதிரி. எல்லாம் கறை, வெடிப்பு, கீறல், தேய்மானம். முப்பது வருடம் எதையெல்லாம் அழித்தாளோ அதையெல்லாம் அவன் பொறுக்கி எடுத்து வைத்திருந்தான். அவற்றைச் சமையலறைச் சுவரில் வரிசையாக ஒட்டி வைத்துவிட்டு அவள் திட்டினாள். “எல்லாத்தையும் அனுப்புற. உன் மூஞ்சிய மட்டும் அனுப்ப மாட்டேங்கிற. அதுதானடா எனக்கு வேணும்.” தன் முகத்தை யாரால் பார்க்க முடியும், அவன் பார்த்ததைத்தானே அனுப்ப முடியும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் திட்டினாள். மாதம் ஒரு தடவை படங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவாள். அலுவலர் நாலைந்தைப் புரட்டிப் பார்ப்பார். “இதுல எங்கம்மா ஆள் இருக்கு? வெறும் கோடும் புள்ளியும்” என்பார். மேசைமேல் இருக்கும் அவருடைய தேநீர் கொதிக்க ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவார்.

ஒன்பதாம் பெட்டியில் மகன் மூன்று வருடமும் அப்படியே இருந்தான். தாடி மட்டும் வளர்ந்தது. பிணவறைக்காரர் வாரம் ஒரு முறை வெந்நீர் வைத்து அவனுக்குச் சவரம் செய்துவிடுவார். அது அவர் வேலையில் சேர்ந்தது அல்ல, யாரும் சொல்லவும் இல்லை. கடவுள் சில பேரை இப்படிப்பட்ட இடங்களில் நிறுத்தி வைக்கிறார். மூன்றாம் வருடக் கடைசியில் ஒருநாள் அவர் டச்சிங் அக்காவை வராந்தாவில் உட்காரவைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார்.

“தங்கச்சி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கோவிச்சா இந்த பெஞ்சு தாங்காது. ஒரு மாசம் நான் சவரம் பண்ணாம விட்டுடறேன். தாடி வந்தா தழும்பு மறைஞ்சுடும். அந்தாளை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. தாடி அடையாளக் குறியில சேராதுன்னு அவங்க ரூல்லயே இருக்கு, நான் படிச்சுப் பாத்துட்டேன். தழும்பு இல்லன்னு எழுதிட்டா அன்னைக்கே பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடலாம்.”

மூன்று வருடத்தில் அவளுக்கு இப்படி ஒரு வழியை யாரும் காட்டியதில்லை. “சரிண்ணே” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பென்சில் சீவும் பிளேடு வைத்திருந்த தகரப் பெட்டியை எதற்கோ திறந்தாள். உள்ளே ஒரு படம். படம் முழுக்க மெத்தென்ற வெள்ளை. நுரை நுரையாக, மேடு பள்ளமாக. அதன் நடுவே நுரை ஏறாத ஒரு சின்னப் பள்ளம், சற்றே வளைந்து, நாலு இடத்தில் குறுக்கே மெல்லிய வரி. அவள் எண்ணிப் பார்த்தாள். நாலு தையல். கண்ணாடிக்கு முன்னால் நின்று சவரம் செய்யும்போது அவன் தினமும் பார்த்த இடம். தன் முகத்தில் அவன் நினைவில் வைத்திருந்தது இந்த ஒன்றைத்தான். கண்ணையோ மூக்கையோ அனுப்பவில்லை, இதை அனுப்பியிருக்கிறான். அதில் ஒரு புள்ளிகூட அசிங்கமாக இல்லை.

மறுநாள் காலையில் அவள் பிணவறைக்காரரிடம் போனாள். “அண்ணே, வேண்டாம். நீங்க சவரம் பண்ணுங்க. மறுபடியும் அதை மறைச்சு என் பிள்ளையை வாங்கினா, நான் வாங்குறது அவனை இல்ல. அஞ்சு படத்தை சுத்தம் பண்ணி வெள்ளைத் தாளா ஆக்கினவ நான். எனக்குத் தெரியும்.” அவர் “சரி தங்கச்சி” என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போனார்.

அங்கிருந்து நேராகத் தொழிற்சாலைக்கு நடந்தாள். ஷிப்ட் மாறும் நேரம். வாசலில் முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள். அந்த வாரம்தான் எல்லோரும் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். அடையாள அலுவலரும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தார். அவள் நுரைப் படத்தை அவரிடம் நீட்டினாள்.

“என்னம்மா இது, மணல்ல வண்டி போன தடம் மாதிரி இருக்கு?”

“தழும்பு சார். என் பிள்ளையோடது.” வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “அட்டைப் படத்துல அது இல்லாததுக்குக் காரணம் நான். என் கையால அழிச்சேன். அவன் பசிக்குதுன்னு கூப்பிட்டப்ப நான் எவளோ ஒருத்தி படத்துல கண்ணைத் திருத்திட்டிருந்தேன், அவன் விழுந்தான். அது ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு அழிச்சேன். நான் பண்ணது பாவம், அதுக்கு நான் கடவுள்கிட்ட பதில் சொல்லிக்கறேன். அந்தப் பாவத்தை எடுத்து வச்சுக்கிட்டு, முகமூடி கொடுக்காம ஒருத்தனைக் கொன்னதை மறைக்கிறீங்களே, நீங்க யாருகிட்ட பதில் சொல்வீங்க?”

“ஆதாரம் இல்லாம இப்படிப் பேசக் கூடாது. நீதான் டச்சிங் பண்ணேன்னு எப்படி நம்புறது?”

ஆதாரம் அவள் கண்முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மார்பில் இருந்த அட்டையில் இரண்டு கண்ணும் ஒரே அளவில் திறந்திருந்தன. அவளுடைய பென்சில் வேலை அவளுக்குத் தெரியாதா. அலுவலரின் வலது இமை பிறவியிலேயே பாதி மூடிய இமை. அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை போதும். தன் பிள்ளையின் தழும்பைச் சொல்லியாயிற்று; அடுத்தவர் முகத்தைச் சொல்லச் சாமிக்கு முன்னால் செய்த சத்தியம் விடவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வாசல் இரும்புக் கதவு சூடேறி, அதைப் பிடித்திருந்த வாட்ச்மேன் கையை உதறினார்.

உதறிய கையால் அவர் தன் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கி இருந்தவர்.

“சார், என் கன்னத்துல அம்மைத் தழும்பு இருக்கு, பாருங்க. இந்த அட்டையில இல்ல. அக்காதான் எடுத்துவிட்டாங்க. அப்ப ரூல்படி நான் அத்துமீறி நுழைஞ்ச ஆளுதானே?”

இதைச் சொல்லிவிட்டு, ஒழுங்கான மனிதர் என்பதால், கதவைத் தாண்டி வெளியே போய் நின்றார். வரிசையில் முன்னால் நின்ற பெண் தன் மருவைத் தொட்டுக் காட்டினாள். “என்னோடதும் அக்கா வேலைதான்.” அவளும் வெளியே நின்றாள். பிறகு தீக்காயம், ஆணிக்கால்போல நெற்றியில் ஒரு புடைப்பு, பிளந்து தைத்த உதடு. உள்ளே இருந்தவர்களும் செய்தி கேட்டு வெளியே வந்தார்கள். வெளியே நின்று வாட்ச்மேன் ஒவ்வொரு முகத்தையும் அட்டையோடு ஒப்பிட்டு, “நீ இல்ல, நீயும் இல்ல” என்று கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் தொழிற்சாலையில் அட்டைக்குப் பொருந்துகிற ஆள் ஒருவர்கூட மிச்சமில்லை. கொப்பரைகளில் பசை இறுகியது. அதை வெட்டியெடுக்கப் பிறகு ஒன்பது நாள் ஆனது என்று பதிவேட்டில் இருக்கிறது.

கடைசியாக வெளியே வந்தவர் அடையாள அலுவலர். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பி வைத்தார், மறுபடி நேராக வைத்தார், பிறகு தானே கதவைத் தாண்டி, வெயிலில் டச்சிங் அக்காவுக்கு நாலடி தள்ளி நின்றார். தன் வலது இமையை விரலால் தொட்டார்.

“இன்டர்வியூவுக்குப் போற முந்தின நாளு உங்ககிட்ட வந்தேன். அழுதேன். ஞாபகம் இருக்காக்கா?”

மூன்று வருடத்தில் அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“நான் யாரைப் பத்தியும் வெளியில சொல்றதில்ல சார்.”

“தெரியும். இப்பக்கூட நீங்க சொல்லல.”

“உதவின்னு நெனச்சுதான் எல்லாருக்கும் பண்ணேன். என்கிட்ட வந்து அழுதவர்தானே நீங்க, அந்தப் பெட்டியில கிடக்கிறவனைப் பாத்து யாரோன்னு எழுத உங்களுக்கு எப்படி சார் கை வந்துச்சு?”

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுத மேசை இல்லாததால் வாட்ச்மேன் குனிந்து முதுகைக் கொடுத்தார். அந்த முதுகின்மேல் தாளை வைத்து, ஒன்பதாம் பெட்டியில் இருப்பவர் எங்கள் தொழிலாளி, அட்டை எண் அறுநூற்றுப் பதினாலு, வேலை நேரத்தில் தொழிற்சாலைத் தொட்டிக்குள் முகமூடி இல்லாமல் இறந்தார், முகவாயில் தழும்பு உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தக் கையெழுத்தால் அவருக்கு வேலை போனது. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே பிணவறைக்காரர் ஒன்பதாம் பெட்டியை இழுத்தார். காலையில் செய்த சவரத்தில் முகம் துப்புரவாக இருந்தது. துண்டை நனைத்து அக்காவிடம் கொடுத்தார். அவள் நெற்றியைத் துடைத்தாள், கண்களைத் துடைத்தாள், முகவாய்க்கு வந்ததும் துண்டை வைத்துவிட்டு வெறும் கட்டைவிரலால் அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினாள். வெளியே தொழிற்சாலை ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். முன்னால் இருவரும் பின்னால் இருவருமாகத் தூக்கினார்கள். தோள் மாற்ற ஆள் குறையவே இல்லை. அவனை அடக்கம் செய்த இடத்தில் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே, தாய் கேட்டுக்கொண்டபடி, எதனால் இறந்தான் என்பதும் இருக்கிறது. தொழிற்சாலை அந்த வரியை எடுக்கச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பியது. இரண்டு தடவையும் வந்த ஆள் அவளோடு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்துத் திரும்பிப் போனான்.

படங்கள் வருவது நின்றுவிடும் என்றுதான் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். நிற்கவில்லை. நாலாம் வருடம் பிறந்து ஒரு வாரம் ஆனபோது, முருங்கைக்காயை நறுக்குவதற்காக அக்கா இரண்டாகப் பிளந்ததில் ஒன்று வந்தது. முழுக்கக் கருப்பு, கீழோரத்தில் சரிந்து விழும் ஒரு வெளிச்சப் பட்டை, பட்டைக்குள் நூல்போல ஏதோ ஒன்று சுருண்டு கிடந்தது. அவள் நேராகப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்தும் பார்த்தாள். தையல்காரியும் எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா இது? தலைமுடியா? யாரோ பொண்ணு முடி மாதிரி இருக்கு.”

“தெரியலடி.”

“ஜன்னல் வழியா வர்ற வெயிலா இருக்குமோ? உங்க வீட்டுல இப்படி ஜன்னல் இல்லையே.”

“இல்ல. இது நம்ம வீடு இல்ல.” அக்கா இன்னும் கொஞ்சநேரம் பார்த்தாள். “எனக்குத் தெரியாத எங்கேயோ இருந்திருக்கான்.”

“சந்தோஷமா இருந்திருப்பான்கா.”

“இருந்திருக்கட்டும்” என்றாள் அக்கா. படத்தைச் சுவரில் மற்றவற்றுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு உட்கார்ந்து, மீதிக் காயை நறுக்கினாள்.